நால்வரின் பெயரில்: பிரிடெண்டர்ஸ் இசைக்குழுவின் வரலாறு

ஒரு குழுவின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, குழு என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்பதாகும். தொடங்கியவர்களையா, தொடர்பவர்களையா, அன்றி அவர்கள் ஆக்கியளித்த படைப்புகளையா? தனிக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதில் இவ்விடர்ப்பாடு இல்லை. பிறப்பும் இறப்பும் அங்கே எல்லைகளாக நின்றுவிடுகின்றன. குழுவின் வரலாற்றிலோ, உறுப்பினர் ஒருவர் விலகும்போதெல்லாம் அல்லது மறையும்போதெல்லாம் அதன் முடிவு வந்துவிட்டதோ என்னும் ஐயம் எழுகிறது. பெயர் மட்டும் தொடருமானால், அப்பெயருக்கு உரியவர் யார் என்ற வழக்கும் உடன் எழுகிறது.

இவ்வழக்கைத் தன் வரலாறு முழுவதும் சுமந்து வந்த இசைக்குழு ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றிய 'பிரிடெண்டர்ஸ்' என்னும் அக்குழு, 1980 முதல் 2023 வரை பன்னிரண்டு பாடல் தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. அவற்றுள் முதலிரண்டு மட்டுமே குழுவின் தொடக்க நால்வரும் சேர்ந்து ஆக்கியவை. அந்நால்வர் ஒன்றாக இயங்கிய காலம் நான்காண்டுகளுக்கும் குறைவு. எஞ்சிய பத்துத் தொகுப்புகளும் மாறி மாறி வந்த கலைஞர்களால் ஆனவை. எல்லாத் தொகுப்பிலும் இடம்பெற்றவர் ஒருவரே. அவர் பாடகியும் பாடலாசிரியருமான கிரிஸ்ஸி ஹைண்ட். எனவே பிரிடெண்டர்ஸ் என்பது ஒரு குழுவா, ஒரு பெண்ணின் புனைபெயரா என்று விமரிசகர்கள் வினவியதில் வியப்பில்லை. இவ்வினாவுக்கு அக்குழுவின் வரலாறு தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்க் எழுச்சியும் புதிய அலையும்

1970களின் இடைப்பகுதியில் பிரிட்டன் பணவீக்கத்தாலும் வேலையின்மையாலும் அல்லலுற்றது. அதே காலத்தில் ராக் இசை பெருஞ்செல்வம் ஈட்டும் துறையாக வளர்ந்திருந்தது. நெடிய இசைக்கோலங்களும் பேரரங்குகளும் நுட்பமான கருவிகளும் அதன் அடையாளங்களாயின. தெருவில் நின்ற இளைஞனுக்கும் மேடையில் நின்ற கலைஞனுக்கும் இடையே தொலைவு மிகுந்தது. இந்நிலையை எதிர்த்து 1976, 1977ஆம் ஆண்டுகளில் இலண்டனில் எழுந்ததே பங்க் இசை. செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ், டேம்டு ஆகிய குழுக்கள் அதன் முன்னணியில் நின்றன. இரண்டு மூன்று நிமிடப் பாடல், எளிய கருவி அறிவு, மூடி மறைக்காத சினம் ஆகியவை அதன் இலக்கணம் எனலாம்.

பங்க் எழுச்சி வந்த வேகத்திலேயே தணிந்தது. அது உடைத்துத் திறந்த வாயில் வழியே உள்நுழைந்தவர்களைத்தான் 'புதிய அலை' என்னும் பெயரால் வழங்கினர். எல்விஸ் காஸ்டெலோ, ஸ்குவீஸ், எக்ஸ்.டி.சி. முதலியோர் இவ்வகையினர். பங்க் இசையின் விரைவையும் சொற்சிக்கனத்தையும் இவர்கள் கைவிடவில்லை. ஆயினும் பங்க் ஒதுக்கித் தள்ளிய மெட்டின் இனிமையை மீண்டும் அழைத்து வந்தனர். பாடலின் சொற்களுக்கும் உரிய இடமளித்தனர். பிரிடெண்டர்ஸ் குழு இவ்வலையில் எழுந்ததே.

ஆக்ரனிலிருந்து இலண்டனுக்கு

கிரிஸ்ஸி ஹைண்ட் பிரிட்டனில் பிறந்தவரல்லர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் 1951 செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தவர். குட்இயர், ஃபயர்ஸ்டோன் முதலிய டயர் நிறுவனங்களால் உலகின் ரப்பர்த் தலைநகர் என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. அருகிலிருந்த கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஓவியம் பயின்றார். 1970 மே 4ஆம் நாள் அப்பல்கலைக்கழக வளாகத்தில், போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் இறந்தனர். ஒன்பது பேர் காயமுற்றனர். அன்று அவ்வளாகத்தில் இருந்த மாணவர்களுள் ஹைண்டும் ஒருவர். உடனிருப்போரின் இறப்பு அவர் வாழ்வில் நுழைந்த முதல் தருணம் அதுவாகும்.

1973இல் அவர் இலண்டன் சென்றார். பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் மீது கொண்ட பற்றே அவரை அங்கு ஈர்த்தது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்னும் இசை வார இதழில் சிலகாலம் எழுதினார். மால்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையிலும் சிறிதுகாலம் பணிபுரிந்தார். பின்னர்ச் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவானது அக்கடையைச் சுற்றித்தான். பாரிசுக்கும் ஒஹையோவுக்கும் சென்று குழு அமைக்க முயன்று, அது கைகூடாமல் மீண்டும் இலண்டன் வந்தார். பின்னாளில் கிளாஷ் குழுவில் புகழ்பெற்ற மிக் ஜோன்சுடனும், டேம்டு குழுவினராக மாறியவர்களுடனும் சேர்ந்து இசைத்துப் பார்த்தார். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் குழுவை அமைத்துக்கொண்டு மேடையேறினர். 1977ஆம் ஆண்டின் இறுதியில், பழகியவர் பலருக்கும் குழு இருந்தது. இருபத்தாறு வயதான ஹைண்டுக்கு மட்டும் இல்லை.

இக்காத்திருப்பு பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. தனிப்பாடகியாக அறிமுகமாக வேண்டும் என்பது அவர் வேட்கையன்று. ஒரு குழுவில் கிட்டார் வாசிப்பவராக இருக்க வேண்டும் என்பதே அவர் விரும்பியது. ராக் இசையில் பெண்கள் பெரும்பாலும் குரலாக மட்டும் அறியப்பட்ட காலம் அது. பாடலை எழுதி, கிட்டாரைத் தோளில் மாட்டி, ஆடவர் மூவருக்கு நடுவே நின்று குழுவை நடத்தும் பெண் அரிதினும் அரிது.

ஹெரிஃபோர்டு இளைஞர் மூவர்

1978இல் ஹைண்டின் பாடல்களைக் கேட்ட டேவ் ஹில் என்பவர், அவற்றை முறையாகப் பதிவு செய்வதற்கு ஒரு குழுவை அமைக்கத் தூண்டினார். அவ்வாறு முதலில் வந்தவர் பேஸ் கிட்டார் கலைஞர் பீட் ஃபார்ண்டன். அவர் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்டு நகரத்தவர். ஆஸ்திரேலியாவில் நாட்டுப்புற இசைக்குழு ஒன்றில் வாசித்துத் திரும்பியிருந்தார். அவர் வழியே அதே ஊரினரான ஜேம்ஸ் ஹனிமன் ஸ்காட் கிட்டார் கலைஞராக இணைந்தார். முதற்பதிவுக்கு வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார். பின்னர் அவ்விடத்தை நிறைத்தவர் மார்ட்டின் சேம்பர்ஸ். அவரும் ஹெரிஃபோர்டைச் சேர்ந்தவரே. ஆப்பிள் மதுவுக்கும் மாடுகளுக்கும் பெயர்பெற்ற ஒரு சிறுநகரின் இளைஞர் மூவரும் அமெரிக்கத் தொழில்நகரின் பெண் ஒருவரும் சேர்ந்து அமைத்த குழு இது.

1950களில் பிளாட்டர்ஸ் குழு புகழ்பெறச் செய்த 'தி கிரேட் பிரிடெண்டர்' என்னும் பாடலின் தலைப்பிலிருந்து குழுவின் பெயர் அமைந்தது. பாசாங்கு செய்வோர் என்பது அதன் பொருள். இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டுவோர் என்னும் இப்பெயர், பின்னாளில் குழுவுக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் திரும்பக்கூடும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

1979 ஜனவரியில் முதல் ஒற்றைப் பாடல் தட்டு வெளிவந்தது. கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் எழுதிய 'ஸ்டாப் யுவர் சாபிங்' என்னும் பழைய பாடலை நிக் லோ தயாரிப்பில் இவர்கள் பாடினர். அவ்வாண்டிலேயே 'கிட்', 'பிராஸ் இன் பாக்கெட்' ஆகிய பாடல்கள் தொடர்ந்தன. பின்னதன் தலைப்பில் உள்ள 'பிராஸ்' என்பது பணத்தைக் குறிக்கும் வட இங்கிலாந்து வழக்குச்சொல். அமெரிக்கப் பெண் ஒருத்தி ஆங்கிலேயத் தொழிலாளர் வழக்கைத் தன் பாடலின் முகப்பில் அமைத்தது, அவர் அந்நாட்டு மொழியைச் செவியால் கற்றவர் என்பதைக் காட்டுகிறது. இப்பாடல் ஹைண்டுக்கு உவப்பானதாக இல்லை. வெளியிடவே வேண்டாம் என்று அவர் எதிர்த்தார். ஆயினும் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் முதலியோரின் கருத்தே வென்றது. 1980 ஜனவரியில் அப்பாடல் பிரிட்டனின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பும் அதே மாதம் முதலிடத்தை அடைந்தது.

நால்வர் அளித்த கொடை

அம்முதல் தொகுப்பின் பாடல்கள் ஹைண்ட் எழுதியவையே பெரும்பான்மை. ஆயினும் அவற்றைத் தனியொருவரின் ஆக்கம் என்று கொள்வது பிழையாகும். ஹைண்டின் இயல்பு கூர்மையும் முரட்டுத்தனமும் கலந்தது. அவருடைய பாடலடிகள் வழக்கமான நான்கின் கணக்கில் அடங்குவதில்லை. பேச்சின் ஓட்டத்திற்கேற்ப ஓரடி குறைந்தும் நீண்டும் செல்லும். 'டாட்டூட் லவ் பாய்ஸ்' இதற்குச் சான்று. இத்தகைய ஒழுங்கற்ற அடிகளைக் கேட்போர் உணராதவாறு தாங்கிச் சென்றவர்கள் ஃபார்ண்டனும் சேம்பர்சும் ஆவர்.

ஹனிமன் ஸ்காட் அளித்தது இனிமை. ஓங்கி ஒலிக்கும் நெடிய தனிவாசிப்புகளில் அவருக்கு நாட்டமில்லை. பாடலின் வரிகளுக்கு இடையே மணியொலிபோன்ற சிறு சிறு தொடர்களைக் கோத்துச் செல்வதே அவர் முறை. 'கிட்' பாடலின் நடுவே வரும் அவருடைய வாசிப்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆயினும் அதனைத் தனித்து முணுமுணுக்கலாம். மான்செஸ்டரில் கிட்டார் பயின்றுவந்த ஜானி மார் என்னும் இளைஞர் அவ்வாசிப்பைக் கற்றுக்கொண்டார். ஸ்மித்ஸ் குழுவில் சேர்ந்த பின்னும் நாள்தோறும் கைப்பழக்கத்திற்கு அதனை வாசித்ததாகப் பின்னர் அவரே கூறியுள்ளார். இச்செய்தி பின்னும் வேண்டப்படும்.

1981இல் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. முதலதற்கு இணையான வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. இடைவிடாப் பயணங்களும் அவற்றோடு வந்த போதைப் பழக்கமும் குழுவை அரித்துக்கொண்டிருந்தன.

1982 ஜூன்

ஃபார்ண்டன் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். தொடக்க நாள்களில் அவரும் ஹைண்டும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. அவரோடு இனி இயங்க இயலாது என்ற முடிவுக்கு ஏனையோர் வந்தனர். ஹனிமன் ஸ்காட்டும் அம்முடிவில் உடன் நின்றார். 1982 ஜூன் 14ஆம் நாள் ஃபார்ண்டன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், ஹனிமன் ஸ்காட் இறந்தார். கொக்கெயினால் இதயம் செயலிழந்ததே காரணம். அவருக்கு வயது இருபத்தைந்து. போதைப் பழக்கத்திற்காக ஒருவரை விலக்கிய குழு, அதே போதையால் மற்றொருவரை நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் இழந்தது.

ஃபார்ண்டன் புதிய குழு ஒன்றை அமைக்க முயன்றார். அவ்வாறே ஹெராயின் காரணமாகக் கிளாஷ் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்த டாப்பர் ஹெடன் அவருக்குத் துணையானார். அம்முயற்சி கனியவில்லை. 1983 ஏப்ரல் 14ஆம் நாள், ஹெராயின் உட்கொண்ட நிலையில், குளியல்தொட்டியில் மூழ்கி ஃபார்ண்டன் இறந்தார். அவருக்கு வயது முப்பது. ஓராண்டுக்குள் நால்வர் இருவராயினர்.

கையறுநிலை

தலைவனோ நண்பனோ மறைந்தவிடத்து, செய்வதறியாது நின்று பாடுவதைத் தமிழ்ப் புறத்திணை மரபு கையறுநிலை என வகுத்துள்ளது. புலம்பலே அத்துறையின் பொருளன்று. இழந்தவரின் தன்மையை எஞ்சியோர் நினைவில் நிறுத்துவதும் அதன் பணியாகும். 1982 முதல் 1984 வரை ஹைண்ட் ஆக்கியவற்றுக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை.

ஹனிமன் ஸ்காட் இறந்த மறுமாதமே, கருவுற்றிருந்த ஹைண்டும் சேம்பர்சும் இலண்டனில் ஒலிப்பதிவுக்கூடம் புகுந்தனர். கிட்டாருக்குப் பில்லி பிரெம்னரும் பேசுக்குப் பிக் கன்ட்ரி குழுவின் டோனி பட்லரும் உதவிக்கு வந்தனர். அன்று பதிவானது 'பேக் ஆன் தி செயின் கேங்' என்னும் பாடல். சங்கிலியால் பிணைக்கப்பட்டு உழைக்கும் கைதிக்கூட்டத்திற்கு மீண்டும் திரும்புதல் என்பது தலைப்பின் கருத்து. ஹனிமன் ஸ்காட் உயிரோடு இருந்தபோதே ஹைண்ட் எழுதத் தொடங்கிய பாடல் அது. அவர் மறைவுக்குப் பின் அவருக்கே படையலாயிற்று. பாடலின் இடையே கைதிகள் சம்மட்டி ஓங்கும்போது எழுப்பும் மூச்சொலி போன்ற குரல் கேட்கிறது. துயரத்தை ஆற்ற ஓய்வை நாடாமல் உழைப்புக்குத் திரும்புவதையே பாடல் முன்வைக்கிறது. பிரெம்னர் அதில் வாசித்த கிட்டார் பகுதி, மறைந்தவரின் மணியொலி நடையைத் தழுவியே அமைந்தது. அமெரிக்க விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தை எட்டி, அந்நாட்டில் குழு பெற்ற மிகப்பெரும் வெற்றியாக அது அமைந்தது.

அதே தட்டின் மறுபுறத்தில் இடம்பெற்ற 'மை சிட்டி வாஸ் கான்' என்பதும் ஓர் இரங்கற்பாடலே. அங்கு இறந்தது மனிதரல்லர், ஊர். பல்லாண்டு கழித்து ஒஹையோ திரும்பும் ஒருவர், நகரின் நடுப்பகுதி வெறுமையுற்றதையும் வயல்கள் வணிக வளாகங்களாக மாறியதையும் காண்பதே அதன் பொருள். ஒரே தட்டின் இரு புறமும் இருவகை இழப்பைச் சுமந்தன.

1983இல் ராபி மக்கின்டாஷ் கிட்டாருக்கும் மால்கம் ஃபாஸ்டர் பேசுக்கும் சேர்க்கப்பட்டனர். மக்கின்டாஷ், ஹனிமன் ஸ்காட்டே தம் வாழ்நாளில் குழுவுக்கு அழைத்துவர எண்ணியிருந்த நண்பர். எனவே அவர் வருகை ஓரிடத்தைப் பறித்ததாகாது. மறைந்தவரின் விருப்பம் நிறைவேறியதாகவே கொள்ளத்தக்கது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த '2000 மைல்ஸ்' என்னும் பாடலும் ஹனிமன் ஸ்காட்டை நினைந்து எழுதப்பட்டது. 1984 ஜனவரியில் மூன்றாம் தொகுப்பு வெளிவந்தது. அதன் தலைப்பு 'லேர்னிங் டு கிரால்', அதாவது தவழக் கற்றல். 1983இல் பிறந்த தம் மகள் தவழத் தொடங்கியதைக் கண்டு ஹைண்ட் இட்ட பெயர் அது. தவழக் கற்றது அக்குழந்தை மட்டுமன்று.

புதியவர்களும் பிரிந்தவர்களும்

இதுவரை கூறியவை பரிவுக்குரியவை. இனி வருவது கடினமான பகுதி. 1986இல் நான்காம் தொகுப்பின் பதிவு தொடங்கிய நிலையில், ஹைண்ட் சேம்பர்சையும் விலக்கினார். வாசிப்பு தளர்ந்துவிட்டது என்பதே அவர் கூறிய காரணம். நால்வருள் உயிரோடிருந்த ஒரே தோழரை இவ்வாறு இழந்த பின், குழுவில் எஞ்சிய தொடக்க உறுப்பினர் அவர் மட்டுமே. பின்னாளில் ஹைண்ட் அதனை மீள எண்ணிப் பார்த்தார். மிக நெருங்கிய நண்பர் இருவரை இழந்திருந்த ஒருவரின் வாசிப்பு தளர்ந்ததில் வியப்பென்ன என்று தம் முடிவின் குறையை அவரே ஒப்புக்கொண்டார். தம் துயரத்தைப் பாடலாக்க ஹைண்டால் முடிந்தது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

'கெட் குளோஸ்' என்னும் அத்தொகுப்பு 1986இல் வெளிவந்தது. 'டோன்ட் கெட் மீ ராங்' அதில் பெரும்புகழ் பெற்றது. டி.எம். ஸ்டீவன்ஸ், பிளேர் கன்னிங்காம், பெர்னி வொரெல் எனத் தேர்ந்த கலைஞர்கள் பங்கேற்றனர். ஆயினும் தொடர்ந்த பயணத்தின் நடுவே ஸ்டீவன்சும் வொரெலும் விலக்கப்பட்டு, ஃபாஸ்டர் திரும்ப அழைக்கப்பட்டார். 1987இல் மக்கின்டாசும் விலகினார். பின்னர் அவர் பால் மக்கார்ட்னியின் குழுவில் இணைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்குச் சிறிதுகாலம் வந்தவர், அவ்வாண்டில்தான் ஸ்மித்ஸ் குழுவை விட்டு வெளியேறியிருந்த ஜானி மார். ஹனிமன் ஸ்காட்டின் வாசிப்பைக் கற்று வளர்ந்தவர் அவருடைய இடத்திலேயே நின்று வாசித்தார். ஆசான் மறைந்தபின் அவர் பாடத்தை மாணவர் ஓதியதற்கு ஒப்பானது இது. ஆள் மாறினும் ஒலியின் மரபு அறுபடவில்லை என்பதற்கு இதனைக்காட்டிலும் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை.

1990இல் வெளிவந்த 'பேக்ட்!' என்னும் தொகுப்பு, ஹைண்டும் பதிவுக்கென அமர்த்தப்பட்ட கலைஞர்களும் சேர்ந்து செய்தது. பிரிடெண்டர்ஸ் என்பது தனியொருவரே என்னும் வாதம் மிக வலுவுற்ற காலம் அதுவே. குழு ஒரு பெயர்ப்பலகையாகச் சுருங்கியிருந்தது.

சேம்பர்ஸ் திரும்புதல்

அந்நிலையிலிருந்து குழுவை மீட்டது 1994ஆம் ஆண்டின் 'லாஸ்ட் ஆஃப் தி இன்டிபென்டன்ட்ஸ்' என்னும் தொகுப்பாகும். ஆடம் சீமர் கிட்டாருக்கும் ஆண்டி ஹாப்சன் பேசுக்கும் வந்தனர். மார்ட்டின் சேம்பர்ஸ் எட்டாண்டுகளுக்குப் பின் தம் இருக்கைக்குத் திரும்பினார். விலக்கியவரும் விலக்கப்பட்டவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். அத்தொகுப்பின் 'ஐ'ல் ஸ்டாண்ட் பை யூ' பிரிட்டனின் விற்பனை வரிசையில் பத்தாம் இடம் பெற்றது. உற்றாருக்குத் துணை நிற்பதைப் பேசும் அப்பாடல், பின்னர்ப் பலராலும் எடுத்துப் பாடப்பட்டது.

1995இல் நரம்பிசைக் கலைஞர் நால்வரின் துணையோடு, மின்கருவி ஆரவாரமின்றிப் பழைய பாடல்களைப் புதிதாக வாசித்து 'தி ஐல் ஆஃப் வியூ' என்னும் நேரடி நிகழ்ச்சித் தொகுப்பை வெளியிட்டனர். 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு தொகுப்புகள் வந்தன. புகழ்மிக்க தொடக்க நால்வரைக் காட்டிலும் இப்பிற்கால நால்வரே நெடுங்காலம் ஒன்றாக இயங்கினர் என்பது பலரும் கருதிப் பாராத உண்மை.

2005ஆம் ஆண்டின் மேடை

2005 மார்ச்சில் நியூயார்க்கில் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் அமைப்பு பிரிடெண்டர்சைத் தன் புகழ்ப்பட்டியலில் சேர்த்தது. நீல் யங் அவர்களை அறிமுகம் செய்தார். அமைப்பு தேர்ந்தெடுத்தது ஹைண்டையும் சேம்பர்சையும் மறைந்த இருவரையுமே. ஹைண்ட் தம் ஏற்புரையில், தம் குழு இருபதாண்டுகளாக ஒரு பழைய குழுவைப் போலி செய்யும் குழுவாகவே தோன்றியிருக்கும் என்று தாமே முந்திக்கொண்டு கூறினார். உண்மையில் தாங்கள் அஞ்சலி செலுத்திவந்தது ஹனிமன் ஸ்காட்டுக்கும் ஃபார்ண்டனுக்கும்தான் என்றார். அவ்விருவர் இல்லையேல் தாங்கள் இம்மேடைக்கு வந்திருக்க இயலாது என்று நன்றி பாராட்டினார். அதனோடு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான ஏற்புரையாக முடிந்திருக்கும். தாங்கள் இல்லாதிருந்தால் அவ்விருவரும் இன்று உயிரோடிருக்கக்கூடும் என்று அவர் தொடர்ந்தார்.

குழு வாழ்வின் இருபுறமும் இக்கூற்றில் அடங்கியுள்ளன. குழு ஒருவரை உயர்த்துகிறது. அதே குழு அவரைச் சிதைக்கவும் கூடும். விழா மேடைகளில் முன்னதைச் சொல்வோர் பலர். பின்னதைச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

பெயரைக் காத்தல்

2008இல் 'பிரேக் அப் தி கான்கிரீட்' தொகுப்புக்குப் புகழ்பெற்ற ஜிம் கெல்ட்னர் டிரம்ஸ் வாசித்தார். அத்தொகுப்பில் அறிமுகமான கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் வால்போர்ன் பின்னர் ஹைண்டின் பாடலாக்கத் துணைவரானார். 2014இல் ஹைண்ட் 'ஸ்டாக்ஹோம்' என்னும் தொகுப்பைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார். குழு தொடங்கி முப்பத்தாறாண்டுகளுக்குப் பின்னரே தனிப்பெயரில் தொகுப்பு வெளியிட்டவர் அவர் என்பது கருதத்தக்கது. 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும் தம் பெயரில் தொகுப்புகள் வெளியிட்டார். இப்பெயர் வேறு, அப்பெயர் வேறு என்னும் தெளிவு அவருக்கு இருந்தமை இதனால் விளங்கும். 2016இல் ஆக்ரன் நகரத்தவரான டான் அவர்பாக் தயாரித்த தொகுப்போ பிரிடெண்டர்ஸ் பெயரில் வந்தது. அதன் தலைப்பு 'அலோன்', அதாவது தனிமையில். குழுவின் பெயரும் தனிமையும் ஒரே அட்டையில் அச்சாயின.

2020இல் 'ஹேட் ஃபார் சேல்' தொகுப்பில் சேம்பர்ஸ் மீண்டும் வாசித்தார். பாடல்கள் அனைத்தையும் ஹைண்டும் வால்போர்னும் சேர்ந்து எழுதினர். 2023இல் 'ரிலென்ட்லெஸ்' வெளிவந்தபோது ஹைண்டுக்கு எழுபத்திரண்டு வயது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் கிரிஸ் சோன். அவ்வாண்டு ஜூனில் கிளாஸ்டன்பரி விழா மேடையில் குழு பாடியபோது ஜானி மார் மீண்டும் வந்து உடன் வாசித்தார்.

இனித் தொடக்க வினாவுக்குத் திரும்பலாம். பிரிடெண்டர்ஸ் தனியொருவரின் புனைபெயர் என்போர் தொகுப்புகளின் உறுப்பினர் பட்டியலைச் சான்றாகக் காட்டுவர். அப்பட்டியல் பொய்யன்று. சேர்ந்தவர் பலர், விலக்கப்பட்டவர் பலர், சேர்ப்பதும் விலக்குவதும் ஒருவர் கையிலேயே இருந்தது. ஆனால் அப்பெயரில் அவர் காத்துவந்தது தம்மையன்று. நால்வர் சேர்ந்து கண்டடைந்த ஓர் ஒலியை, வந்தவர் ஒவ்வொருவரும் கற்று வாசிக்குமாறு அவர் வைத்திருந்தார். மறைந்தவர்களுக்குக் கடன்பட்டிருப்பதாக அவர் உணர்ந்தமையே பெயரைக் கைவிடாமைக்குக் காரணம். அக்கடனைப் புகழுரையாக மட்டும் தீர்க்காமல், அவர்களின் அழிவில் தம் பங்கையும் சேர்த்தே கணக்கிட்டார். சேம்பர்சுக்கு இழைத்த பிழையையும் மறைத்தாரில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் எந்தக் குழுவும் தன் முதற்கூட்டத்தின் வருகைப் பதிவைப் புரட்டிப் பார்ப்பது இயல்பு. அதில் உள்ள பெயர்களுள் சில இன்று கூடத்தில் இரா. மறைந்தவர் உண்டு, மனம் வேறுபட்டு அகன்றவர் உண்டு, அனுப்பப்பட்டவரும் உண்டு. முன்னவரை வாழ்த்துவது எளிது. ஏனையோரையும் கணக்கில் கொள்ளும்போதே குழுவின் வரலாறு முழுமை பெறுகிறது.

ஆண்டுதோறும் டிசம்பரில் பிரிட்டனின் வானொலிகளிலும் கடைத்தெருக்களிலும் '2000 மைல்ஸ்' ஒலிக்கிறது. பனியும் தொலைவும் பேசப்படுவதால் அது கிறிஸ்துமஸ் பாடல் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். தொலைவில் இருப்பவர் ஹெரிஃபோர்டில் பிறந்து இருபத்தைந்து வயதில் மறைந்த கிட்டார் கலைஞர் என்பதை அறிந்தவர் சிலரே. அறியாதவர்களும் அவருக்காகவே அப்பாடலை ஒவ்வோர் ஆண்டும் பாடிக்கொண்டிருக்கின்றனர்.